காயவில்லை, நிறமே அதுதான்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வலது கண்ணில் புரை எடுத்ததால் எழுதப் படிக்கத் தடை. இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. அதன் முதல் பலன், நாம் இருவரும் ஒரு விஷயத்தில் ஏமாந்தது தெரிந்துவிட்டது.

வாசல் மரத்தில் பாசி வெளுத்துக் காய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, நீயும் "செத்திருக்கும், சுரண்டிவிடு" என்றாய். நல்ல வேளை, சுரண்டவில்லை. அது பிறவி வெளுப்பாம்! பெயர் ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம். 1801-ல் வெளிவந்த, ஹெட்விக் என்ற தாவரவியலாளரின் பாசி நூலிலேயே இருக்கிறது. ஆல்பிடம் என்றால் வெண்மையானது. வெப்பமண்டலம் முழுக்க மரப்பட்டைகளில், அதுவும் பனை, தென்னை வகை மரங்களில் அதிகம் வளருமாம்.

தாவரவியல் படிக்கும் பேத்தி ஓர் இலையை பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். மேலும் கீழும் பெரிய பெரிய செல்கள், உள்ளே ஒன்றுமில்லை, எல்லாம் வெற்றுக்கூடு. நடுவில் ஒரே வரிசையாகப் பொடிப்பொடியாகப் பச்சை செல்கள். உயிர் அதில்தான். வெற்றுக்கூடுகளில் காற்று இருக்கும்போது வெள்ளையாகத் தெரிகிறது, மழை பெய்து நீர் ஏறினால் பச்சை எட்டிப் பார்க்கிறது. ஆக, செத்தது என்று நாம் சொன்னதில் பாதி சரி! இன்னொரு வேடிக்கை, இலையின் பெரும்பகுதி நடுநரம்புதானாம். வழக்கமான இலைப்பரப்பு அடியில் ஓரமாகக் கொஞ்சம்தான்.

தண்டு இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. இலைகள் தடித்து, பட்டையாக, நாக்கு மாதிரி நீண்டு விரிந்திருக்கின்றன. தொட்டால் சட்டென்று முறிகின்றன. இரண்டு மூன்றை உடைத்துவிட்டு வருத்தப்பட்டேன். முறிந்த துண்டும் புதுச் செடியாக முளைக்கும் என்றாள் பேத்தி, அப்புறம்தான் நிம்மதி.

ஒரு கொத்தில் சில மில்லிமீட்டர் உயரக் காம்பின் நுனியில் ஸ்போர் பை, அதாவது விதைக்குப் பதிலாகப் பரவும் பொடி நிறைந்த பை, நிமிர்ந்து நின்றது. மூடி விழுந்த பையின் வாயைச் சுற்றிப் பற்களை எண்ணினேன். எட்டு! பல பாசிகளுக்குப் பதினாறு இருக்கும். கிரேக்கத்தில் ஆக்டோ என்றால் எட்டு, பிளெஃபரான் என்றால் கண்ணிமை. கண் ஆபரேஷன் முடிந்தவனுக்குப் பொருத்தமான செடிதான்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நடக்க முடிந்தால் அங்குள்ள மரங்களின் அடியையும் பார். சுரண்டாதே. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது போக, மற்றதெல்லாம் பார்த்தது நீ எப்போதோ கொடுத்த கைலென்ஸில். அதை இப்போதைக்குத் திருப்பிக் கேட்காதே.

அன்புடன்,
ராமு