எச்.ஐ.வி.யும் மூளையும்: சொல்லாமல் விடப்பட்ட பகுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக எயிட்ஸ் தினத்தையொட்டித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை, குருதியில் நோயெதிர்ப்புக்கு உதவும் சிடி4 கலங்கள் குறைவதையும் நோய் தொற்றும் வழிகளையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் மூளையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மலையகத்தில் இந்நோயுடன் வாழ்வோர் வெளியில் சொல்ல முடியாமல் படும் துன்பத்தில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே இவ்வைரசு, மொனோசைட்டு எனும் வெண்குருதிக் கலங்களுக்குள் மறைந்தபடி மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே அது நரம்புக் கலங்களைப் பிடிப்பதில்லை. மூளையைக் காக்கும் மைக்ரோகிளியாக் கலங்களிலேயே குடியேறுகிறது. ஆபத்தை ஒன்றுக்கொன்று அறிவிப்பதற்காகக் கலங்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். அல்பா போன்ற சமிக்ஞைப் புரதங்கள் அதன்பின் அடங்காமல் பெருகுகின்றன. சிசிஎல்2 எனும் இன்னொரு சமிக்ஞை மேலும் மொனோசைட்டுகளை உள்ளே அழைக்க, அவற்றுடன் வைரசும் வந்து சேர்கிறது. வைரசின் ஜிபி120, டாட் ஆகிய புரதங்களும், நரம்புக் கலங்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேற்று எனும் இரசாயனம் அளவுக்கு மீறித் தேங்குவதும் நரம்புக் கலங்களின் இணைப்புகளைச் சிதைக்கின்றன. 1996 முதல் பரவலான கூட்டுமருந்துச் சிகிச்சையால் கடுமையான மறதிநோய் வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மையே. எனினும், குருதியில் வைரசைக் கண்டறிய முடியாத நிலையை எட்டிய பின்னரும் சிலருடைய மூளையில் அழற்சி நீறு பூத்த நெருப்பாகத் தொடர்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசில் பார்த்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதுவதற்குள் மறந்துவிட்டு மறுபடியும் தராசைப் பார்ப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சிலர் குடியென்றார்கள், சிலர் செய்வினையென்றார்கள். அவர் குடிப்பவரே அல்லர். காலை மாத்திரையைப் போட்டோமா என்பதும் அவருக்கு மறந்துபோனது. அதுவே எனக்கு மிகுந்த அச்சத்தைத் தந்தது, ஏனெனில் தவறும் மாத்திரைகள் வைரசு மீண்டும் பெருக இடங்கொடுத்துவிடும்.

மறதிக்கு மனச்சோர்வு, தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைபாடு என வேறு காரணங்களும் உண்டு. ஆகவே மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்வதே முறை. சிடி4 மிகவும் தாழ்ந்துபோகுமுன் சிகிச்சையைத் தொடங்குவோருக்கு மூளைப் பாதிப்பு குறைவு. அரச சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற நம் இலங்கை நாட்டுக்கு, இதையும் செய்யும் ஆற்றல் உண்டு. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நினைவாற்றலைப் பற்றிக் கேட்க வேண்டும். தோட்ட மக்களிடம் அதைத் தமிழிலேயே கேட்க வேண்டும். விளங்காத மொழியில் கேட்டால், மொழி தெரியாத தடுமாற்றமும் நினைவின் தடுமாற்றமும் ஒன்றுபோலவே தெரியும். இவ்விடயத்தை ஒரு வைத்திய நிபுணரைக் கொண்டு விரிவாக எழுதுவித்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்