பரணில் ஒரு பிடி கஞ்செ இருக்கிறதா?

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளின் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் கேட்பது ஒரு பிடி கஞ்செ, அதாவது நம் மலைப் பார்லி. மளிகைக் கடையில் பாக்கெட்டில் வரும் தீட்டிய பார்லி முளைக்காது. தேயிலையும் கேரட்டும் வருமுன் நம் வீடுகளில் விதைத்தார்களே, அந்தப் பழைய விதைதான் வேண்டும்.

எதற்கு என்பீர்கள். பீருக்கு. முகம் சுளிக்காதீர்கள். இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழகினேன். அங்கே 1963 முதல் அதற்கு உரிமம் வேண்டியதில்லை. இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, ஆகவே ஊரில் ஒரு சொட்டும் காய்ச்ச மாட்டேன். பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டோடு என் வேலை முடிந்துவிடும். காய்ச்சுவது இங்கிலாந்து நண்பர்கள் பாடு. மால்ட் நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச ராகியை ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, உலர்த்தி அரைக்கிறோமே, அதே கைவேலைதான். முளைக்கும் தானியத்தில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி ஊறுகிறது. பார்லியில் அது தாராளம்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செவாலியர் என்ற பார்லிதான் பீருக்குப் பேர்போனது. நெடுநெடுவென வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. புது ரகங்கள் வந்ததும் வயலைவிட்டே போனது. அங்கே நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் என்ற பயிர் ஆராய்ச்சி மையத்தில், விதைக் களஞ்சியத்தில் கிடந்த கொஞ்சம் விதையிலிருந்து அதை மீட்டார்கள். பழைய பீரை இன்றைய பார்லியில் காய்ச்சினால், சீரகச் சம்பா பிரியாணியை பாசுமதியில் செய்த கதைதான்.

அந்த மால்ட்டையே வரவழைக்கலாமே என்றான் ஒரு நண்பன். வரவழைக்கலாம். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அரவங்காட்டிலேயே பீர் ஆலை நடந்தது. இந்த மலையின் தானியம் என்ன ருசி தரும் என்பதை நாரிச் மூட்டை எனக்குச் சொல்லாது.

விதை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. உருளைக்கிழங்குக்கு உரம் கொட்டிய மண்ணில் இதைப் போடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் மணியில் புரதம் ஏறும், பீர் கலங்கும். 10, 11 சதவீதப் புரதமே போதும். அறுத்ததை அடுப்புச் சூட்டில் அவசரமாகக் காய வைத்தாலும் முளை செத்துவிடும். மூடுபனியில் வேறு வழி என்ன என்று என்னைத் திட்டுவது கேட்கிறது. வெயில் வரும் நாளுக்குக் காத்திருப்பதுதான்.

பயிரில் துருப்போலப் படியும் பூஞ்சையான துரு நோயையும் மறக்கக் கூடாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் அது ஆண்டு முழுவதும் உயிரோடு இருந்து, கீழ்நாட்டுக் கோதுமைக்குக் காற்றில் போகிறது; பார்லியையும் விடாது. கிடைக்கும் விதையில் பாதியை வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிட்டே விதைப்பேன்.

பத்து மணியை ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ஒன்று முளைத்தாலும் போதும், மீதியைக் கோழிக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரன்