பரணில் கிடந்த யூஃபோனியம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மற்றபடி எல்லோரும் சுகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கத்துக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். போன ஞாயிறு பரணைக் காலி செய்ய என்னையும் கூப்பிட்டார்கள். உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பேனர்களுக்கும் பின்னால், கோணிப்பையில் சுற்றி, நம் பேண்டு மொத்தமும் கிடந்தது. மூன்று டிரம்பெட், ஒரு டிராம்போன், தோல் கிழிந்த பெரிய டிரம், அப்புறம் உன் அப்பாவின் யூஃபோனியம், அடிக்குரலுக்கு ஊதுகிற அந்தப் பெரிய பித்தளை வாத்தியம். காசிமேட்டு உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, வால்வெல்லாம் இறுகிப்போயிருந்தது. வாய் விளிம்பில் அந்த நசுங்கல் அப்படியே இருக்கிறது. கல்மண்டபத்துக்கிட்டே மழையில் நீ கீழே போட்டாயே, அதுதான். அவருக்குத் தெரியாது என்று நீ இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கு ராத்திரியே மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

எல்லாவற்றையும் பித்தளை எடைக்குப் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. கிலோ கணக்கில், மச்சான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். அங்கே ஒரு லாட்ஜ் பேண்டில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கேட்டுவிட்டு உன் பெரியம்மா, "வீடு இல்லாமலா பிள்ளை லாட்ஜில் தங்கியிருக்கான்?" என்று கலங்கிப்போய்விட்டார்கள். அது ரூம் போடுகிற லாட்ஜ் இல்லை, அண்ணன் தம்பி மாதிரி கூடுகிற சங்கம், ஃப்ரீமேசன் என்கிற அந்தச் சங்கத்தாருக்கு எழும்பூரில்கூட மண்டபம் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. மார்ச் மெட்டுகளுக்குப் பேர்போன அமெரிக்க பேண்டு மாஸ்டர் சூசா 1881-ல் வாஷிங்டனில் மேசன் லாட்ஜில் சேர்ந்தவர் என்றும், 1923-ல் அதே ஊரில் ஷ்ரைனர் என்கிற மேசன் கிளைச் சங்கத்து பேண்டுக்காரர்கள் 6,000 பேருக்கு மேல் அவர் கைக்குச் சேர்ந்து வாசித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். அத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுப்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு ஒரு வரி: வாத்தியம் லாட்ஜுக்குச் சொந்தம், வாசிக்கிறவரை நம் கையில் இருக்கும்.

நம் சங்கத்திலும் அதுதானே சட்டம்! ஹார்பரிலும் மில்லிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்தவர்கள் மாதச் சந்தா போட்டு, மீரட்டிலிருந்து வரவழைத்த வாத்தியங்கள் அவை. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, ஒன்பது மணிக்கு மேல் பிராக்டிஸ். கல்யாணத்துக்குப் போனால் கூலி உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு பைசா வாங்கக் கூடாது. இப்படிச் சேர்ந்த பொருளை விற்க நாலு பேர் கையெழுத்து போதுமா?

பேண்டு நமக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்று அங்கே ஒருவர் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாஸ்டர் நம்மை உட்காரவைத்து முதல் பாடமாகச் சங்கராபரணம் ஊதவைத்தாரே, ஏன்? மேஜர் ஸ்கேலும் அதுவும் ஒன்று, வால்வு வாத்தியத்தில் அது தானாக வரும். முத்துஸ்வாமி தீட்சிதருக்கும் இதே வழிதான் கிடைத்தது. அவருடைய குடும்பம் மணலி முதலியார்கள் ஆதரவில் மணலியில் இருந்தது. நாம் பஸ் பிடித்துக் கிரிக்கெட் ஆடப் போன அதே மணலி! அங்கிருந்து ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டார், அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணம். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில்தான் ‘சந்ததம் பாஹிமாம்’ இருக்கிறது. 200 வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்துக் காது பேண்டைத் தனதாக்கிக்கொண்டது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். செயலாளர் மணி பார்த்தார்.

இன்னொன்றை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. உன் அப்பா போன அன்று, நீ விமானத்தில் இருந்தபோது, மூலக்கொத்தளம் சுடுகாடு வரை வாசித்துக்கொண்டே போனோம். யூஃபோனியம் எடுக்க ஆள் இல்லை. டிரம்பெட் பாட்டைச் சரியாகத்தான் ஊதினோம், ஆனாலும் பாட்டுக்கு அடியில் தரையே இல்லாத மாதிரி இருந்தது. அவர் இத்தனை வருஷம் என்ன வாசித்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிட்டோம். கல்யாணங்களுக்கு டிஜேயும் செண்டை மேளமும் வந்தன.

இப்போது தெருவில் ஆறு பிள்ளைகள் கற்றுக்கொள்கிறோம் என்கிறார்கள். அதில் இரண்டு பெண் பிள்ளைகள். டிரம்பெட்டுக்கு என்னால் சொல்லித்தர முடியும். யூஃபோனியம் பகுதிகள் அத்தனையும் உன் அப்பாவின் நீல அட்டை நோட்டில் ஸ்வரமாக இருக்கின்றன, அது உன்னிடம் இருக்கிறது. நோட்டை அனுப்ப வேண்டாம், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. கூடவே கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுது. சந்தா கட்டியவரின் மகன் என்ற முறையில், விற்கச் சம்மதம் இல்லை என்று மட்டும் போட்டால் போதும். பெரிய டிரம் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். டீச்சரக்கா இன்னும் ஒன்பது குடும்பங்களைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

கூட்டம் வருகிற 20-ஆம் தேதி. யூஃபோனியத்தை மட்டும் நான் வீட்டுக்குத் தூக்கிவந்து வால்வில் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது வால்வு இன்று காலையில் அசைந்தது.

உன்,
முதல் டிரம்பெட்