புழக்கடை மதில்மேல் ஒரு டம்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, கருப்பட்டிக் காபியைத்தான் விடமாட்டேன் என்கிறார். முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. கோவில் அசனப் பண்டிகைப் பொது விருந்துக்கு, நம் வீட்டில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துவைத்த அரிசி எட்டுப் படி சேர்ந்தது. பந்தியில் உன்கூடப் படித்த பையன்கள்தான் வாளி தூக்கிப் பரிமாறினார்கள். ஒவ்வொருவனும் உன்னைக் கேட்டான். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். ஈஸ்டருக்கும் அதைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறாயா? ராத்திரி படுக்குமுன் ஒரு அதிகாரமாவது வாசி. போனில் வாசித்தாலும் போதும், வாசி.

பெரியத்தை உனக்கு நம் பக்கத்து ஊர் நாசரேத்தில் ஒரு இடம் சொல்கிறார்கள். பெண் நர்ஸ். நம் ஆட்கள்தான், ஜெபிக்கிற குடும்பம். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ ஏதாவது சொன்னால்தானே நான் சொல்ல முடியும்? சென்னையில் உன்னைப் பார்த்ததாக உன் மதினி ஏதோ ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அடுப்பில் பால் இருந்தது.

கலாத்தியர் மூன்றாம் அதிகாரம் 28-ஆம் வசனம் உனக்கு நினைவிருக்கும். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்கிற வசனம். ஞாயிறு பள்ளியில் அதை உனக்கு மனப்பாடம் பண்ணிவைத்தது நான்தான். வசனப் போட்டியில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிப் பரிசு வாங்கினாய். அந்தக் கப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது, வாரம் ஒருதரம் துடைக்கிறேன். அப்படி வளர்ந்த பிள்ளை, கிறிஸ்மஸ் ராத்திரி அத்தனை பேர் முன்னால் "நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தா எந்த டம்ளர்ல காபி குடுப்பம்மா?" என்று கேட்கலாமா? கேட்டுவிட்டு விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? உன் அப்பா அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம்தான். நாலு மாதம் கோபமாகவே இருந்தேன். பிறகு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், இயேசு சீஷர்களின் கால் கழுவுகிற பகுதியை நம் சபைப் போதகர் ஐயர் வாசிக்கும்போது, உன்னைப் பன்னிரண்டு வயசுப் பையனாகப் பார்த்தேன்.

நீ அப்போதே கேட்டாய், தம்பி. தோட்டத்து அக்கா துவைகல் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள். குடித்ததும் டம்ளரை அவர்களே கழுவி மதில்மேல் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அந்த டம்ளர் வீட்டுக்குள் வராது. "அவங்களும் நம்ம கோவில்லதானே நற்கருணை அப்பமும் ரசமும் எடுக்காங்க, அங்க ஒரே பாத்திரம்தானே?" என்றாய். நான் உன் தலையில் ஒரு குட்டு வைத்து, போய்ப் படி என்றேன். உனக்குப் பதில் சொல்லவில்லை. பதில் என்னிடம் இல்லை என்று தெரிந்துதான் குட்டினேன்.

வடக்கன்குளத்தில் அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோமே, அந்தக் கத்தோலிக்கக் கோவிலில் முன்பு ஒரு சாதி ஒரு பக்கம், இன்னொரு சாதி மறுபக்கம், நடுவில் சுவர். நூறு வருஷத்துக்கும் முன்பே அதை இடித்துவிட்டார்கள். திரும்பி வருகிறபோது, நம் சபைகளிலும் சாதி வித்தியாசத்தை விட்டுவிடச் சொல்லி கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே எழுதிவிட்டார் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையில் அதே டம்ளரில்தான் காபி ஊற்றினேன்.

முப்பது வருஷம் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் ஏறெடுத்திருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளில் ஒருபொழுது இருந்திருக்கிறேன். எனக்கு அது குத்தவே இல்லை. என் அம்மா செய்தாள், நானும் செய்தேன். உனக்குக் குத்தியிருக்கிறது. நீ நற்கருணைக்கு எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். விசுவாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து உனக்காக அழுது ஜெபம் பண்ணினேன். இப்போது எனக்காகத்தான் அழ வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்த டம்ளரை எடுத்துப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன். அக்காவை உள்ளே வரச் சொல்லி, நம் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர்கள் "எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் எழவில்லை. அடுக்களை நிலைப்படி வரை வந்து, நின்றபடியே குடித்தார்கள். உட்காரவில்லை. எத்தனை சொல்லியும் உட்காரவில்லை, தம்பி.

ஞாயிறு கோவிலுக்குப் போ. ராத்திரி வேதம் வாசி. பெரியத்தையிடம் அந்த இடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன், அப்பாவிடமும் நானே பேசுகிறேன். அவருக்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும், நீ வாய்விட்டு ஒன்றும் பேசிவிடாதே.

மே மாதம் வருவதானால் செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்து நாசரேத்தில் இறங்கு, அப்பா வண்டி பிடித்து வருவார். இரண்டு பேர் என்றால் முன்னாலேயே சொல்லு. அந்தப் பிள்ளைக்குக் கருப்பட்டிக் காபி பிடிக்குமா, சீனி போட வேண்டுமா, அதையும் எழுது.

அன்புடன்,
அம்மா