பெட்டி வாங்கும் முன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். இனி நிலத்தை நீயே பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வகுப்பில் பூச்சி பறந்தாலே என் பின்னால் ஒளிந்துகொள்வாய். இன்றைக்குத் தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய்.

தொடக்கமாக நான்கு தேன்பெட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மே 20, உலகத் தேனீ நாளில் பள்ளிப் பிள்ளைகளிடம் என்ன பேசலாம் என்றும் கேட்டிருக்கிறாய். பெட்டி இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பிள்ளைகளிடம் பேச வேண்டியதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அதில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் தேனீ எல்லாம் சேர்ந்த கூட்டம் பத்து இனங்களுக்கு முன்பின் இருக்கலாம். கொசுத்தேனீக்கள் இன்னும் சில நூறு. மீதி இனங்களில் பெரும்பாலானவை தனித்தே வாழ்கின்றன. ராணி இல்லை, வேலைக்காரக் கூட்டம் இல்லை. ஒரு தாய், அவள் தோண்டிய ஒரு வளை, அவ்வளவுதான் குடும்பம். தேனீ இனங்களில் பத்தில் ஏழு மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன.

தேன்பெட்டிகளின் எண்ணிக்கை உலகளவில் கடந்த அரை நூற்றாண்டில் கூடித்தான் வந்திருக்கிறது. இடமும் பூவும் இல்லாமல் தவிப்பவை இந்தத் தனித்தேனீக்கள். ஒரு பெட்டிக்குள் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும், அவை கிலோமீட்டர் கணக்கில் பறந்து இரை தேடும். சின்னத் தனித்தேனீக்கள் பலவற்றால் சில நூறு மீட்டர்தான் போய்வர முடியும். பூ குறைந்த நிலத்தில் நீ நான்கு பெட்டியை இறக்கினால் பசியில் கிடக்கப்போவது யார் என்று யோசித்துப் பார்.

இதெல்லாம் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. இரண்டாம் வருடம் வரப்பைச் சீராக்க மண்வெட்டி எடுத்தேன். ஒரு வெட்டில் மண்கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல்நுனி அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் வெள்ளைப் புழு. என்ன பூச்சியோ என்று எண்ணி வரப்பு முழுவதையும் வெட்டி முடித்தேன். அது என்னவென்று பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு உருண்டையையும் சேர்க்க அந்தத் தாய் எத்தனை முறை பூவுக்கும் வளைக்கும் அலைந்திருப்பாள்! உருண்டையை வைத்து, ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகிறவள். பெரும்பாலும் பிள்ளை வெளிவருவதைப் பார்க்க உயிரோடு இருக்கமாட்டாள். அந்தக் கட்டி பிளந்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த வருடம் கத்தரி நிறையப் பூத்தும் காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதற்கும் வரப்புக்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், வெயிலும் கடுமையாக இருந்தது. ஆனால் கத்தரிப் பூவை உற்றுப் பார்த்திருக்கிறாயா? அதன் மகரந்தப் பையில் நுனியில் மட்டும்தான் துளை. பூவைக் கவ்விப் பிடித்து உடம்பை விர்ரென்று அதிர வைக்கும் தேனீ வந்தால் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தக்காளிப் பூவும் அப்படித்தான். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீக்கும், மரத்தைக் குடையும் கரிய தச்சுத் தேனீக்கும் தெரியும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில்தான் கூடு வைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் வேலை மண்ணைச் சும்மா விடுவது. மண்ணின் வளத்தை மீட்டெடுக்கும் மீளுருவாக்க வேளாண்மை என்று இப்போது பேசுகிறார்களே, அதை நான் இந்த வாசல் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். உழாமல் விட்டால் மண்ணில் கரிமச்சத்து சேரும், நீர் இறங்கும் என்பார்கள். அது உண்மைதான். கூடவே, ஏர் புரட்டாத ஒரு சாண் ஆழத்தில் அடுத்த வருடத் தேனீக்கள் உறங்கிக்கொண்டிருக்கும். நிலம் முழுவதும் உழவை நிறுத்த உனக்குத் துணிவு வராவிட்டால் வரப்பையும் வேலியோரத்தையும் மட்டுமாவது தொடாதே. வெயில் படும் இடத்தில் கொஞ்சம் மூடாக்கு போடாமல் வெறும் மண்ணாகவே விடு. நிலம் முழுக்க வைக்கோலால் மூடிவிட்டு, மண்ணில் வளை தோண்டுகிறவளுக்கு இடமே இல்லாமல் செய்தேன் நான். மூடாக்கு நல்லது என்று படித்ததை அளவில்லாமல் கடைப்பிடித்ததன் விளைவு.

அடுத்தது பூ. ஒரே பயிர் போட்டால் மூன்று வாரம் விருந்து, பிறகு மாதக்கணக்கில் பட்டினி. பயிர் இல்லாத காலத்தில் சணப்பும் தட்டைப்பயறும் எள்ளும் கலந்து விதைக்கிறேன். சணப்பு மஞ்சளாகப் பூக்கும்போது தச்சுத் தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்க நீ ஒருமுறை வந்தே ஆகவேண்டும். பூக்கத் தொடங்கியதுமே மடக்கி உழச் சொல்வார்கள். நான் பாதியைப் பூ முடியும்வரை விட்டு, பிறகு வெட்டி அப்படியே நிலத்தில் பரப்பிவிடுகிறேன். கொத்தமல்லியில் ஒரு வரிசையைப் பறிக்காமல் பூக்க விடுகிறேன். மிகச் சிறிய தேனீக்களுக்கு அந்தப் பூ போதும்.

நஷ்டம் வருமா என்று கேட்பாய். முதல் இரண்டு வருடம் எனக்கு விளைச்சல் குறைந்தது, மறைக்கவில்லை. அமெரிக்காவில் மக்காச்சோள நிலங்களை ஒப்பிட்டு லகான், லண்ட்கிரென் என்ற இருவர் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மீளுருவாக்க முறை நிலங்களில் விளைச்சல் 29 சதவீதம் குறைவு, லாபம் 78 சதவீதம் கூடுதல். பூச்சிக்கொல்லி பயன்படுத்திய நிலங்களில்தான் பயிர் தின்னும் பூச்சிகள் பத்து மடங்கு இருந்தன. ஒரு பயிர், ஒரு பகுதி பற்றிய கணக்கு அது, உனக்கும் எனக்கும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனாலும் கைவிட நினைத்த வருடத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தது அதுதான்.

மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. விதை வாங்கும்போது அதில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேள். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடியின் உடம்பு முழுக்க ஊடுருவி மகரந்தத்திலும் பூந்தேனிலும் வந்துவிடும். பெரும்பங்கு மண்ணிலேயே தங்கும். மண்ணில் கூடு வைப்பவளுக்கு அது இரட்டை அடி. ஐரோப்பிய ஒன்றியம் இதையும் இதன் இரண்டு கூட்டாளிகளையும் திறந்த வயலில் பயன்படுத்த 2018-இல் தடை போட்டது.

இனி பிள்ளைகளிடம் பேசுவது. தேனீ அழிந்தால் நான்கு வருடத்தில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக உலவும் வாசகத்தைத் தயவுசெய்து சொல்லாதே. அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் தேனீ இல்லாமலே மணி பிடிக்கும். குழந்தைகளைப் பயமுறுத்தி வரவழைக்கும் அக்கறை ஒரு வாரம்கூடத் தாங்காது.

பேச்சைக் குறைத்துக்கொள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒரு பூத்த செடியின் முன்னால் பத்து நிமிடம் உட்கார வை. வருவது எத்தனை என்று வேண்டாம், எத்தனை விதம் என்று எண்ணச் சொல். இங்கே வந்த ஒரு சிறுமி, ‘எல்லாம் ஒரே தேனீதானே’ என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், ஏழு விதம் எண்ணிவிட்டு எழுந்திருக்க மறுத்தாள். கொட்டுமோ என்ற பயத்தையும் போக்கிவிடு. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. தனித்தேனீக்குக் காக்க ஒரு கூட்டம் இல்லாததால் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அபூர்வம். நேரம் மிச்சமிருந்தால், பூ இருக்கும் இடத்தைக் கூட்டாளிகளுக்குச் சொல்லப் பெட்டித் தேனீ ஆடும் ஆட்டத்தை ஆடவை. ஆடும் கோணம் சூரியனை வைத்துத் திசையையும், ஆட்டத்தின் நீளம் தூரத்தையும் சொல்லும். அதைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதைப் பிள்ளைகள் ஆடி முடித்த பிறகு சொல்.

பெரியவர்களிடம்தான் பொறுமை வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் இரண்டு வருடம் வாதாடிப் பயனில்லை. ஒருநாள் வரப்பில் ஒரு வளையைக் காட்டி, தாய் மகரந்தக் காலோடு உள்ளே நுழையும்வரை கூடவே உட்காரவைத்தேன். மருந்து அடிப்பதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் பூக்கும் நாட்களில் அடிப்பதில்லை, மற்ற நாட்களிலும் மாலை மங்கிய பிறகே அடிக்கிறார், முதல்நாள் எனக்குச் சொல்லியும் விடுகிறார்.

ஒரு வருடம் இப்படி இருந்து பார். பூ மிஞ்சினால் ஒரே ஒரு பெட்டி வைக்கலாம், நானே வந்து கூட நின்று வைத்துத் தருகிறேன். அதற்குமுன், இந்த வாரமே ஒரு காலையில் உன் வரப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்துபோ. பென்சில் தடிமனில் துளையும், சுற்றிப் பொடிமண்ணும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்து எனக்கு எழுது.

உன் பழைய தோழி