தோடியை இப்போதைக்குத் தள்ளி வை

கண்ணம்மா,

நேற்று வீடியோ காலில் பேசும்போது காபி டம்ளரைச் சட்டென்று வலது கைக்கு மாற்றினாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இடது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் தொட்டால் சுரீர் என்கிறதா? வீணை வாசித்து வாசித்து எனக்கும் வலி வந்தது அதே இடத்தில்தான்.

உனக்கு அப்போது ஏழு வயது. அந்த மார்கழியில் மயிலாப்பூரில் மட்டும் நாலு கச்சேரி. வலிக்க வலிக்க சாதகம், ராத்திரி தைலம், காலையில் மறுபடி வர்ணம், அதுவும் போதாமல் ஸ்டீராய்டு ஊசி. மூன்று வாரம் கை பூப்போல இருந்தது, தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை, இடது கையால் தந்தியை ஆசை தீர இழுத்து இழுத்து வாசித்தேன். தை பிறந்ததும் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. இந்த வலிக்கு ஊசி முதலில் நன்றாகக் கேட்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் போடாதவர்களே தேவலை என்று ஆய்வுகள் சொல்வதை நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்தான்.

மாதக்கணக்கில் இருக்கும் வலி வெறும் வீக்கம் இல்லை. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் இழை இழையாக நைந்து கிடக்கிறது. அதற்குத் தைலம் எட்டாது, கையை அப்படியே முடக்கிப் போட்டாலும் இன்னும் பலவீனமாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துத்தான் தேற்ற வேண்டும். இடது முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அந்தக் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, வலது கையால் அதைத் தூக்கிவிட்டு, இடது கையால் மெதுவாக இறக்கு. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறை. பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பி, பலன் தெரியவே சில மாதம் ஆகும்.

வீணையை மூடி வைக்காதே. ஆரம்பப் பாடமான சரளி வரிசை 5 நிமிஷம், 5 நிமிஷம் ஓய்வு, அவ்வளவுதான், தோடி மாதிரி தந்தியை இழுக்கிற வாசிப்பு வேண்டாம். நாள் முழுக்க லேப்டாப்பில் தட்டுவதும் அதே தசைக்குத்தான் வேலை, அதையும் கணக்கில் சேர்.

அப்புறம், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனாலோ, வலியே இல்லாமல் வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கினாலோ, அது வேறு சங்கதி, உடனே நரம்பியல் டாக்டரிடம் போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார். இறக்குவதை நான் பார்க்க வேண்டும்.

அம்மா