லைட் ஹவுஸ் கதவைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு

மெரினா கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் அனைவருக்கும், அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்த முகம் தெரியாத பலருக்கும், மயிலாப்பூரிலிருந்து வணக்கம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர், பெயர் தெரிந்தவர்களோ ரொம்பக் கொஞ்சம், அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். யாராவது ஒருவர் விட்டுப்போனால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர் தட்டையான ஊர். பரங்கிமலையையும் பல்லாவரம் பக்கத்து மேடுகளையும் விட்டால் ஏறி நின்று ஊரைப் பார்க்க இடமே கிடையாது. உயரமான ஓட்டல்கள் இருக்கின்றன, ஆனால் அங்கே ஒரு காபி குடிக்கவே யோசிக்க வேண்டும். பெரிய கம்பெனிக் கட்டடங்களில் கழுத்தில் அடையாள அட்டை தொங்காவிட்டால் வாசலோடு சரி. ஒரு சாதாரண ஆள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சின்னத் தொகையைக் கொடுத்துவிட்டு மேலே போய்த் தன் ஊரை முழுசாகப் பார்க்கக்கூடிய இடம் என்று எனக்குத் தெரிந்து இந்த லைட் ஹவுஸ்தான். ஒன்பதாவது மாடியில் இறங்கி வெளியே வந்தால் கிழக்கே முழுக்கக் கடல். வடக்கே மணல் துறைமுகம் வரைக்கும் நீண்டு போகிறது. தெற்கே பட்டினப்பாக்கம், அதைத் தாண்டி அடையாறு கடலில் சேரும் இடம். கிட்டத்திலேயே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், கொஞ்சம் தள்ளிக் கபாலி கோயில் கோபுரம், நேர் கீழே நொச்சிக்குப்பத்துப் படகுகளும் வலைகளும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லாம் கடலைப் பார்ப்பார்கள் என்று நினைப்போம். இல்லை, பாதிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வீட்டு மொட்டை மாடி எங்கே என்றுதான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

இந்த இடம் இருபத்திரண்டு வருஷம் எங்களுக்கு இல்லாமல் இருந்தது. இளையவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையின் முதல் விளக்கு 1796-இல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல் எரிந்தது. 1844-இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல்தூண் கட்டி அதன் உச்சிக்கு மாற்றினார்கள், அந்தத் தூண் இன்னும் அங்கேயே நிற்கிறது. பிறகு உயர் நீதிமன்றம் கட்டியபோது அதன் பெரிய குவிமாடத்தின் உச்சியில் 1894 முதல் விளக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் ஊரைக் குண்டு போட்டுக் கலக்கியபோது குண்டு ஒன்று அந்த நீதிமன்றத்தின் சுற்றுச் சுவரிலும் விழுந்தது. அந்தக் குவிமாட விளக்கில் சின்ன வயதில் ஏறிப் பார்த்ததாக அப்பா சொல்வார், படிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கூடிக்கொண்டே போகும், அதை விடுங்கள். கடைசியாக 1977 ஜனவரியில் மெரினாவின் தென்கோடியில், வானொலி நிலையத்துக்கு எதிரே, சிவப்பும் வெள்ளையுமாக இப்போதுள்ள முக்கோணக் கோபுரம் வந்தது. கிட்டத்தட்ட 150 அடி உயரம், உள்ளே லிஃப்ட். லிஃப்ட் வைத்த கலங்கரை விளக்கம் என்பது அபூர்வம், ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை, ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரையில் அதுவும் ஒரு ஐட்டம், அவ்வளவுதான்.

அப்புறம் 1991 மே 21. ஶ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதை ஒட்டி, பாதுகாப்பு காரணம் என்று சொல்லிப் பொதுமக்களை மேலே விடுவதை நிறுத்தினார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காமராஜர் சாலை முழுக்க அரசு அலுவலகங்கள், பக்கத்திலேயே காவல்துறைத் தலைமையகம், எதிரே வானொலி நிலையம், முக்கியப் புள்ளிகளின் வண்டிகள் நாள் முழுக்கப் போய்வரும் சாலை. அத்தனைக்கும் மேலே நின்று பார்க்கிற ஒரு இடத்தை அந்தச் சூழ்நிலையில் யார்தான் திறந்து விடுவார்கள்? எங்கள் தெருவில் யாரும் குறை சொன்னதாக நினைவில்லை.

ஆனால் பூட்டு அப்படியே தங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடம் முடித்தேன், கல்லூரி முடித்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், கதவு திறக்கவில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்து போனது. 2008-இல் மும்பைத் தாக்குதல் நடந்தது, அதற்குப் பிறகு நாட்டின் கடற்கரை நெடுகக் கலங்கரை விளக்கங்களில் கண்காணிப்பு ரேடார்கள் வைத்தார்கள், இங்கேயும் உச்சித் தளம் அதற்குப் போனது. ஆகப் பாதுகாப்புக் கவலை குறையவில்லை, உண்மையில் கூடியது. இனிமேல் எங்கே திறக்கப் போகிறார்கள் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிள்ளைகள் கேட்டால், "அது கப்பலுக்குடா, நமக்கு இல்ல" என்று சொல்லிச் சுண்டல் வாங்கிக் கொடுத்து நகர்ந்துவிடுவோம்.

இந்த இடத்தில்தான் என் முதல் நன்றி. ஓர் இடத்தை மூடி வைத்திருப்பதால் எந்த அதிகாரிக்கும் கெட்ட பெயர் வந்ததில்லை. திறந்தால், பிறகு ஏதாவது நடந்தால், யார் கையெழுத்து போட்டது என்று கோப்பைத் தேடுவார்கள். இது தெரிந்தும், எந்தத் தளம் வரை ஆளை விடலாம், ரேடார் இருக்கும் தளத்தை எப்படித் தனியாகப் பிரிக்கலாம், பையை எங்கே சோதிக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேரை மேலே வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்த சிலர் கலங்கரை விளக்கத் துறையில் இருந்திருக்க வேண்டும். "பாதுகாப்பு காரணம்" என்ற இரண்டு சொல்லோடு கோப்பை மூடி அனுப்பாமல், அந்தக் காரணத்தைப் பிரித்துப் பார்த்து, எதை விட முடியும் எதை விட முடியாது என்று முடிவு பண்ணிய அந்தப் பொறியாளர்களையும் எழுத்தர்களையும் எனக்குத் தெரியாது. ரிப்பன் வெட்டுகிற படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். உங்களுக்குத்தான் இந்தக் கடிதத்தில் பெரிய பங்கு.

2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று திறந்தார்கள். கப்பல் துறை அப்போது ஜி.கே.வாசன் அவர்களிடம் இருந்தது, அவருக்கும் நன்றி, அரசியல் கணக்கெல்லாம் வேறு. இத்தனை வருஷமும் விடாமல் பத்திரிகைகளில் ஞாபகப்படுத்தி எழுதியவர்கள், ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஊர் சுற்றிக் காட்டும் நண்பர்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி வரலாறு சொன்னவர்கள், உங்கள் எல்லோருக்கும்.

அடுத்து, கதவு மூடியிருந்த காலத்திலும் விளக்கை ஒரு ராத்திரி விடாமல் எரிய வைத்த ஊழியர்கள். நாங்கள் மேலே போகவில்லையே தவிர விளக்கு சுற்றுவது நிற்கவே இல்லை. 28 கடல் மைல் தூரம் தெரியும் விளக்கு, அதாவது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2020-இல் கொரோனாவுக்காக மறுபடி எல்லாவற்றையும் மூடியபோது மெரினாவில் ஒரு ஈ காக்கை இல்லை, ஆனால் ராத்திரி எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் வந்துபோகும். ஜிபிஎஸ் வந்த பிறகு இது எதற்கு என்று ஒருமுறை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அக்காவிடம் கேட்டேன். "மிஷின் பேட்டரி எறங்கிடும்மா, லைட் அவுஸ் எறங்குமா?" என்றார். அவர் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் போகிறவர், திரும்பும்போது கரையில் முதலில் தேடுவது இதைத்தானாம். அந்த அக்காவுக்கும், பார்வையாளர் கூட்டத்தால் வண்டி நிறுத்தக்கூட இடமில்லாமல் போனபோதும் முகம் சுளிக்காத குப்பத்துக்காரர்களுக்கும் நன்றி.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்தவர்களுக்கு வருகிறேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் மக்கர். சமீபத்தில் திடீரென்று, மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். கூட்டமான நாள் வேறு. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் அவரைப் பார்த்ததும் எங்களை வரிசையிலிருந்து எடுத்து லிஃப்ட் பக்கம் உட்கார வைத்தார், பின்னால் நின்றவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்ட் இயக்குபவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு அப்பா ஒவ்வொரு அடியாக உள்ளே வரும்வரை காத்திருந்தார். மேலே காற்று தள்ளுகிறது, நான் பயந்துபோய் "சரிப்பா, பாத்தாச்சு, போலாம்" என்று அவசரப்படுத்த, பாதுகாப்புப் பணியில் இருந்த ஒரு அம்மா, "தாத்தாவை விடுங்க மேடம், நான் பிடிச்சுக்கிறேன், அவரு பார்க்கட்டும்" என்று அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா வடக்கே கை நீட்டி, "அதோ, அங்கதான் ஹைகோர்ட் வெளக்கு இருந்துச்சு" என்று அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவும் பொறுமையாக "அப்படியாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மூவர் பெயரையும் கேட்டு வைத்திருக்கிறேன், அனுமதி வாங்காததால் இங்கே போடவில்லை, உங்கள் அலுவலகத்துக்குத் தனியாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகக் கை கோர்க்க வைத்து அழைத்து வரும் ஆசிரியர்களையும் சொல்லியாக வேண்டும். கீழே உள்ள அருங்காட்சியகத்தில் பழைய விளக்குகளைக் காட்டி, கண்ணாடியைத் தொடாதே என்று கத்திக் கத்தியே தொண்டை போயிருக்கும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சுவரில் பெயர் கிறுக்குகிறவர்கள், தண்ணீர் பாட்டிலை மேலேயிருந்து கீழே போடுகிறவர்கள், இவர்கள் நம்ம ஆட்கள்தான், ஊழியர்கள் அல்ல. இப்படியே போனால் மறுபடி "பாதுகாப்பு காரணம்" வந்து கதவில் உட்காரும், அப்போது யாரையும் திட்ட நமக்கு வாய் இருக்காது. மெட்ரோ சுரங்க வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புகளால் வழி கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது, அது பரவாயில்லை, என்றைக்காவது முடியும். பராமரிப்புக்காகவோ வேறு எதற்காகவோ திரும்ப மூட வேண்டி வந்தால் தாராளமாக மூடுங்கள், ஆனால் என்ன காரணம், எதுவரைக்கும் என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள். 91-இல் அப்படி ஒரு தேதி இருந்திருந்தால் யாராவது ஒருவர் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பார். உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள 1844 தூணையும், பாதுகாப்பு விதிகள் இடம் கொடுக்கிற அளவுக்கு, வருஷத்தில் ஒரு நாளாவது பொதுமக்கள் அருகே போய்ப் பார்க்கிற மாதிரி செய்ய முடியுமா என்று சம்பந்தப்பட்டவர்கள் யோசித்தால் நல்லது, நன்றிக் கடிதத்தில் மனு கொடுப்பது முறையில்லைதான், இருந்தாலும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், அப்பா கேட்கச் சொன்னது: லிஃப்டை விட்டு வெளியே வரும் இடத்தில், வழியை மறிக்காமல் சுவர் ஓரமாக, வயதானவர்களுக்கு இரண்டு நாற்காலி போட முடியுமா? விதிப்படி முடியுமென்றால் நாற்காலியை எங்கள் தெருவிலிருந்தே வாங்கித் தருகிறோம், இதற்குள் நாலைந்து வீட்டில் பேசியாயிற்று.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து ஒரு குடும்பம்